பழைய தாது ஆலைக்குக் கீழே வயல் உள்ளதா? காட்மியத்தைக் கவனியுங்கள்

நெல் பச்சைப்பசேலென்று வளரும். கதிர் நன்றாகப் பிடிக்கும், மகசூலும் குறையாது. ஆனாலும் அந்த அரிசி சாப்பிடத் தகாததாக இருக்கலாம். பயிரைப் பாதிக்காத அளவு காட்மியமே மனிதரைப் பாதிக்கப் போதும்.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றின் மேல்பகுதியில் உள்ள காமியோகா சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு காட்மியம் சேர்ந்தே இருக்கும். தாதுவை நைசாக அரைத்துப் பிரித்த கழிவு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே நெல் வயல்களுக்கு வந்தது. அந்த அரிசியையும் தண்ணீரையும் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்கு, அதிலும் நடுவயதைக் கடந்த பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் ஒடிந்தன. வலியில் அவர்கள் 'இத்தாய், இத்தாய்' என்று கதறியதே நோய்க்குப் பெயரானது. 1968-ல் ஜப்பான் அரசு காரணத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் வயல்களின் மேல்மண்ணைப் புதைத்து, புது மண் பரப்பிச் சுமார் 860 ஹெக்டேரை மீட்கும் வேலை 2012-ல்தான் முடிந்தது.

அந்த வயல்களில் வாமடை ஓரத்து மண்ணில்தான் காட்மியம் அதிகம் இருந்தது. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் வண்டல் படிகிறது அல்லவா, அதுதான் காரணம். எனவே மூடிய சுரங்கம், தாது ஆலை, அரைத்த மண் மேடு ஆகியவற்றுக்குக் கீழே உங்கள் நிலம் இருந்தால், வாமடை ஓரம், நடு வயல், கடைமடை என மூன்று இடத்திலும் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துத் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒன்றாகக் கலந்தால் கெட்ட இடம் மறைந்துவிடும். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும். மண்வள அட்டையில் காட்மியம், ஈயம், ஆர்சனிக் இருக்காது. கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கே செய்யலாம் என்பதை வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அரிசியையும் சோதிப்பது நல்லது. பாலிஷ் செய்த அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம்.

காட்மியம் இருப்பது உறுதியானால் தண்ணீர்தான் முதல் மருந்து. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். வயல் காய்ந்தால் மறுபடி கரைந்து வேருக்குள் போகும். அதனால் கதிர் வெளிவருவதற்கு 3 வாரம் முன்பிருந்து 3 வாரம் பின்வரை வயலைக் காய விடாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நல்ல முறைதான். ஆனால் இந்த வயலுக்கு மட்டும் ஆகாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மண்ணில் ஆர்சனிக் இருந்தால் எல்லாம் தலைகீழ்: தேங்கிய நீரில் அது அதிகமாகக் கரைந்து நெல்லுக்குள் ஏறும். தங்கத் தாதுவோடு ஆர்சனிக் பல இடங்களில் சேர்ந்து வரும். கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்ட பிறகும் அரைத்த மண் மேடுகள் அங்கே நிற்கின்றன. எந்த உலோகம் என்று தெரியாமல் நீர் முறையை மாற்ற வேண்டாம்.

அமில மண்ணில் காட்மியம் எளிதில் பயிருக்குள் ஏறும். பரிசோதனை முடிவைப் பார்த்து, சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். கீரை வகைகள் காட்மியத்தை நிறைய இழுக்கும், அங்கே போடவே கூடாது. பருத்தி, பூ, மரப்பயிர் பரவாயில்லை. 'செடி நட்டால் இரண்டே வருடத்தில் மண் சுத்தமாகும்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். செடி இழுப்பது மெதுவான வேலை. அந்த வயலின் வைக்கோலையும் சோதிக்காமல் மாட்டுக்குப் போட வேண்டாம். மேட்டு மண்ணை அள்ளி வரப்புக்கோ வீட்டு அஸ்திவாரத்துக்கோ கொண்டுவராதீர்கள்.