‘ஜங்ஷன்’: எல்லைப்புற வழக்கில் ஒரு கடன்சொல்

ஒரே ஆங்கிலச் சொல் அண்டை மொழிகள் இரண்டில் புகுந்து வெவ்வேறு பொருளில் நிலைபெறுதல் கடன்சொல் வரலாற்றில் அரிதன்று. அவ்விரு மொழிகளும் ஒருவர் நாவிலேயே வழங்கும் எல்லைப்புறத்தில்தான் அது சிக்கலாகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையில் வழங்கும் ‘ஜங்ஷன்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழகத்தில் ‘ஜங்ஷன்’ என்றால் இருப்புப்பாதைகள் கூடும் நிலையம். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் அப்பொருளும் கடந்து, நிலையத்தைச் சூழ்ந்த நகர்ப்பகுதிக்கே அது பெயராயிற்று. நிலையப் பலகைகள் அதனைச் ‘சந்திப்பு’ என மொழிபெயர்க்கின்றன. ஆயினும் பேச்சுவழக்கில் ‘ஜங்ஷன்’ அகலவில்லை.

மலையாளத்திலோ சாலைகள் கூடுமிடமே ‘ஜங்ஷன்’. நான்கு கடைகளும் ஒரு பேருந்து நிறுத்தமும் அமைந்த சிறு கடைத்தெருவும் அப்பெயர் பெறும். பாலக்காட்டில் இருபொருளும் அருகருகே வாழ்கின்றன. 1862-இல் போத்தனூர், பட்டாம்பி இடையே அமைந்த பாதையில் உள்ள ஒலவக்கோடு, பின்னர் நகருக்குக் கிளைப்பாதை பிரிந்தமையால் சந்திப்பாயிற்று. இன்று அதன் பெயர் பாலக்காடு சந்திப்பு. இடுக்கியின் நிலை வேறு. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் அதற்கு மாற்றாகக் குறுகிய இருப்புப்பாதையும் அமைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்தது. இன்று மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. ‘ஸ்டேஷன்’ மட்டும் ஊர்ப்பெயரில் எஞ்சியது. ஆனால் ‘ஜங்ஷன்’களுக்குக் குறைவில்லை!

சாலைப்பொருள் புகைவண்டிப் பொருளினின்று கிளைத்தது எனக் கருத வேண்டுவதில்லை. ஆங்கிலத்திலேயே இரண்டும் உள. தமிழ் ஒன்றையும் மலையாளம் மற்றொன்றையும் தழுவிக்கொண்டன என்பதே பொருத்தம். தமிழில் முச்சந்தி, நாற்சந்தி, கூட்டுரோடு முதலியன இருந்தமையால் சாலைப்பொருளுக்கு இடமில்லாது போயிற்று எனக் கூறுவர். இவ்விளக்கம் நிறைவளிப்பதன்று, மலையாளத்திலும் முக்கு, கவல என்பன இருந்தன. பாலக்காட்டிலேயே ‘கூட்டுபாத’ என ஓர் இடம் உண்டு. வீடுகள் சிதறி அமையும் கேரளக் குடியிருப்பு முறையில், சாலைகள் கூடுமிடமே ஊரின் நடுவாக அமைவதால், அதனைச் சுட்ட ஒரு சொல் மிகுதியும் தேவைப்பட்டது என்பது ஏற்புடைய காரணமாகலாம்.

‘கவல’ பழந்தமிழ்க் ‘கவலை’யே. கிளைவழி என்னும் பொருளில் சங்க இலக்கியம் வழங்கிய அச்சொல் இன்றைய தமிழில் மனத்துயரை மட்டுமே குறிக்கிறது. ‘கைகாட்டி’யும் நோக்கத்தக்கது. இருப்புப்பாதையின் சைகைக் கம்பத்திற்கும் சாலையோர வழிகாட்டிப் பலகைக்கும் அது பொதுப்பெயர். அவிநாசியை அடுத்துக் கைகாட்டிப்புதூர் உள்ளது. பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் கைகாட்டி என்றோர் இடம் உண்டு. ஆங்கிலச் சொல் எல்லையில் பிளவுபட, தமிழ்ச்சொல் இருபுறமும் நிற்கிறது.

மலையாளப் புனைகதையைத் தமிழாக்குவோர் ‘ஜங்ஷன்’ என்பதை எழுத்துப்பெயர்த்து விடுவதுண்டு. மலைக்கிராமத்துப் பாத்திரம் ‘ஜங்ஷனில்’ தேநீர் அருந்தினால், மதுரை வாசகர் காண்பது நடைமேடையை. ‘சந்திப்பு’ என்பதும் உதவாது. அது ஆட்கள் சந்தித்தலையும் குறிக்கும். கதை நிகழும் இடம் நோக்கி முக்கு, கூட்டுரோடு, கடைத்தெரு என்பவற்றுள் ஒன்றைத் தெரிதலே தகும். மாறாக, பேசுபவர் குமுளியிலோ பூப்பாறையிலோ வாழும் தமிழராயின், ‘ஜங்ஷனை’ அவ்வாறே விடுதல் வேண்டும். அஃது அவர்தம் தமிழ்.