கிட்டார் பிக் சேகரிப்பு

புகழ்பெற்ற கிட்டார் கலைஞர்கள் தந்தி மீட்டப் பயன்படுத்திய பிக் என்னும் சிறு தகடு, அல்லது அவர்களுக்கென்றே பெயர் பொறித்துச் செய்யப்பட்ட பிக் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, வகை பிரித்துப் பாதுகாப்பது கிட்டார் பிக் சேகரிப்பு எனப்படும். ராக் இசையோடு சேர்ந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது வளர்ந்தது. ஒரு பெருங்கலைஞரின் கிட்டாரை விலைக்கு வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டும். அவர் மேடையிலிருந்து வீசும் பிக்கோ முன்வரிசையில் நிற்கும் ஒரு மாணவனின் கைக்கும் வந்து சேரும். இந்த ஆர்வம் பரவியதற்கு அதுவே முதற்காரணம்.

தொடக்கத்தில் நல்ல பிக் என்றால் அது அழுங்காமையின் ஓட்டிலிருந்து செதுக்கியது. வளையும், சட்டென நிமிரும், தந்தியில் வழுக்காது. நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஜி டி ஆண்ட்ரியா 1922-இல் செல்லுலாய்டுத் தகட்டை அச்சில் வெட்டி பிக் செய்யத் தொடங்கினார். ஆமையோட்டின் பழுப்பு மஞ்சள் நிறத்தையே செல்லுலாய்டிலும் கொண்டுவந்ததால் இசைக்கலைஞர்கள் தயங்காமல் ஏற்றனர். அவருடைய நிறுவனப் பட்டியலில் 351 என்ற எண் பெற்ற, முனைகள் மழுங்கிய முக்கோண வடிவம்தான் இன்று உலகெங்கும் கிட்டார் பிக் என்றதும் நினைவுக்கு வருவது. 1970-களில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஆமையோட்டு பிக்கை நாடு விட்டு நாடு விற்பது சட்டச் சிக்கலானது. ஜிம் டன்லப் நிறுவனம் 1981-இல் டார்டெக்ஸ் என்ற புதிய பொருளில் பிக் வெளியிட்டது. அதில் நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடலாம்: ஆரஞ்சு 0.60 மி.மீ., மஞ்சள் 0.73, பச்சை 0.88.

கலைஞரின் பெயர் தாங்கிய பிக் ராக் இசைக்கு முந்தியது. பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் லூகாஸின் பெயரில் 1930-களிலேயே பிக் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் பெரிய இசைக்குழுக்கள் ஒரு பக்கம் கலைஞரின் கையொப்பமும் மறுபக்கம் குழுவின் சின்னமுமாக அச்சிட்டு, நிகழ்ச்சிதோறும் கூட்டத்தை நோக்கி வீசத் தொடங்கின. மைக் கம்பத்தில் வரிசையாகச் செருகி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்து, சில நொடிகள் வாசித்துவிட்டு, சுண்டி எறிவார்கள். சீப் டிரிக் குழுவின் ரிக் நீல்சன் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வீசுபவர். புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு அவருடைய பிக் எளிதில் கிடைப்பது அதனால்தான்.

சேகரிப்பவர்கள் பிக்கை மூன்றாகப் பிரிக்கின்றனர். கலைஞர் உண்மையிலேயே வாசித்தது முதல் வகை. சுற்றுப்பயணத்துக்காக அச்சிடப்பட்டு, வாசிக்கப்படாமலே வீசவோ கொடுக்கவோ பட்டது இரண்டாம் வகை. கலைஞரின் பெயரோடு கடையில் விற்பது மூன்றாவது. சந்தையில் பளபளப்பான இரண்டாம் வகைக்கே ஆரவாரம் அதிகம். ஆனால் இந்தச் சேகரிப்பின் உயிர் முதல் வகையில்தான் இருக்கிறது. அச்சிட்ட பெயர் யாருடையது என்பதை மட்டும் சொல்லும். தேய்ந்த விளிம்பு அவர் எப்படி வாசித்தார் என்பதைச் சொல்லும்.

தேய்மானத்தைப் படிப்பது தனிக் கலை. தந்தியைச் சாய்வாகத் தாக்குபவரின் பிக் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேயும். கம்பி சுற்றிய தடித்த தந்திகளின் மேல் பிக்கின் விளிம்பை நீளவாக்கில் இழுத்து இரைச்சல் எழுப்புவோரின் பிக்கில், பக்கவாட்டில் ரம்பப்பல் போன்ற வடுக்கள் விழும். ஸ்டீவி ரே வான் கூர்முனையை விட்டுவிட்டு, மழுங்கிய தோள்பகுதியால் வாசித்தவர். யு2 குழுவின் எட்ஜ், ஹெர்டிம் என்ற வகை பிக்கில் விரல் வழுக்காமலிருக்க வைத்த புள்ளிமேடுகளைத் தந்தியின் பக்கம் திருப்பிக்கொள்வார். அவருடைய கிட்டார் ஒலியில் கேட்கும் மெல்லிய உரசல் அதிலிருந்து வருவது. இவர்கள் வாசித்ததாகச் சொல்லப்படும் பிக்கில் கூர்முனை மட்டும் தேய்ந்திருந்தால் ஐயப்பட வேண்டும். வெஸ் மான்ட்கமரி பெயரில் ஒன்று வந்தால் ஐயமே தேவையில்லை. அந்த ஜாஸ் மேதை பெருவிரலால் வாசித்தவர்.

பிளாஸ்டிக்கே இல்லாத ஒரு பிக்கும் உண்டு. குயின் குழுவின் பிரையன் மே, பிரிட்டனின் பழைய ஆறு பென்னி நாணயத்தால் வாசிக்கிறார். அது வளையாது, அதன் வரிவிளிம்பு ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு கரகரப்பைச் சேர்க்கிறது. 1980-இல் அந்த நாணயம் செல்லாததாகிவிட்டது. 1993-இல் அவருடைய தனிச் சுற்றுப்பயணத்துக்காக ஆறு பென்னி வடிவிலேயே சிறப்பு நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன. நாணயம் சேகரிப்பவர்களும் பிக் சேகரிப்பவர்களும் போட்டியிடும் பொருள் இது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலத்தவர் பலரும் கடையில் கிடைத்த சாதாரண பிக்கையே பயன்படுத்தினர். அதில் அவர்கள் பெயர் இராது. ஆகவே பிக் கைமாறி வந்த வரலாறே அதன் மதிப்பு. கிட்டார் பராமரிப்பாளரின் கடிதம், அந்த நாளின் நுழைவுச்சீட்டு, பெற்றவர் அப்போதே எழுதிவைத்த குறிப்பு ஆகியவை சான்றாகும். பெயர் அச்சிட்டதில் ஏமாற்று இன்னும் எளிது. எந்தப் படத்தையும் பிக்கில் அச்சிட்டுத் தரும் கடைகள் பெருகிவிட்டன. குழு ஒருபோதும் வெளியிடாத வடிவங்கள்கூட அரிய பொருள் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. வில் ஹூவர் பழைய செல்லுலாய்டு பிக் பற்றி 1995-இல் வெளியிட்ட நூல் போன்றவை ஒப்பிட்டுப் பார்க்க உதவுகின்றன.

பெரும்பாலோர் பிக்கை நாணய ஆல்பங்களில் வைக்கின்றனர். டார்டெக்ஸ், நைலான் ஆகியவற்றுக்கு அது போதும். செல்லுலாய்டுக்குப் போதாது. நைட்ரோசெல்லுலோஸால் ஆன அது நாள்பட அமில ஆவியை வெளியிட்டு, சுருங்கி, வெடித்து, அருகிலுள்ளவற்றையும் கெடுக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். அதை பி.வி.சி. உறையில் அடைக்காமல், அமிலமற்ற தாளில், காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் தனியே வைக்க வேண்டும். கழுவித் துடைத்தால் அச்சும் விளிம்பின் வடுக்களும் அழியும். நிகழ்ச்சியின் தேதி, ஊர், கிடைத்த வழி ஆகியவற்றைப் பிக்கின் மேல் எழுதாமல், உடன் வைக்கும் தாளில் பென்சிலால் குறிப்பது வழக்கம்.