ஆயுத பூஜையில் ஒரு ஜெர்மன் பக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மார்க்கெட்டில் வாழைப்பூ கிடைத்த சந்தோஷத்தில் (மும்பையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த சந்தோஷம் புரியும்) வீட்டுக்குள் நுழைந்தால், ஹாலில் பக்கத்து விங் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு மஞ்சள் பை.

"தம்பி, நீங்க பழைய சாமானெல்லாம் பார்ப்பீங்களாமே. இது நெஜமா டூப்பான்னு சொல்லுங்க. வீட்ல பெரிய சண்டையா போயிட்டிருக்கு" என்றார்.

பைக்குள் இருந்து வந்தது ஒரு பெல்ட் பக்கிள். நடுவில் கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா. மேலே வளைவாக ஜெர்மன் எழுத்தில் 'கொட் மிட் உன்ஸ்', அதாவது 'கடவுள் எங்களோடு'. பள்ளங்களில் எல்லாம் காய்ந்துபோன குங்குமம்!

பெரியவரின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்குப் போய்த் திரும்பியவர். மோன்டே காசினோவில் ஒரு ஜெர்மன் பாராசூட் வீரனைப் பிடித்து அவன் இடுப்பில் இருந்து கழற்றியது என்று குடும்பத்தில் கதை. இப்போது தம்பி மகன் இன்டர்நெட்டில் எதையோ பார்த்துவிட்டு இது ஐந்து லட்சம் போகும், பெரியப்பா அமுக்கிவிட்டார் என்று பங்கு கேட்கிறானாம்.

எனக்கு இந்த விஷயத்தில் கிடைத்த பட்டறிவு காசு கொடுத்து வாங்கியது. பல வருஷங்களுக்கு முன் சோர் பஜாரில் இதே மாதிரி ஒரு பக்கிளை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். கனமான பித்தளை, அழகாகக் கறுத்திருந்தது. அப்புறம்தான் படித்தேன்: 1936-இல் வந்த இந்தக் கழுகு பக்கிள், ஜெர்மன் தரைப்படைச் சிப்பாய்க்கு முதலில் அலுமினியத்திலும், போர் முற்றிய பிறகு இரும்புத் தகட்டிலும்தான் வந்தது. என்னுடையது நம் நாட்டிலேயே வார்த்தது. உலகம் முழுக்க விற்கும் போலி ராணுவப் பித்தளைச் சாமான்களில் நம்மவர் கைவண்ணம் கணிசம். பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை :-)

அந்த வாசகம் ஹிட்லர் காலத்தது இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அது பிரஷ்ய அரச குடும்பத்தின் வாசகம். 1847-இல் இருந்தே பிரஷ்யச் சிப்பாயின் இடுப்பில் இருந்தது. அப்போது நடுவில் கழுகு கிடையாது, கிரீடம். பவேரியாக்காரனுக்கு 'இன் டிராய ஃபெஸ்ட்' (விசுவாசத்தில் உறுதி) என்று வேறு வாசகம். முதல் உலகப்போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1915-இல் சாம்பல் பெயின்ட் அடித்த இரும்பில் அடிக்க ஆரம்பித்தார்கள். ஆக, பக்கிளின் உலோகத்தைப் பார்த்தாலே அந்த நாட்டின் கஜானா எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கிரீடம் போட்ட அந்தப் பழசு யாரிடமாவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 1972-ஆம் வருஷச் சட்டப்படி, நூறு வயதான வரலாற்றுப் பொருள் 'தொல்பொருள்' கணக்கில் வரும். அதை வெளிநாட்டுக்காரனுக்குக் கூரியரில் அனுப்பினால் வம்பு.

சரி, பெரியவர் பக்கிளுக்கு வருவோம். கையில் எடுத்ததும் லேசாக இருந்தது. அலுமினியம். திருப்பிப் பார்த்தேன். அச்சுக்கு நடுவில் தகட்டை வைத்து அடித்தால், முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக விழ வேண்டும். கழுகின் இறக்கைக் கோடுகள் வரை பின்பக்கம் கண்ணாடி பிம்பம் மாதிரி தெரிந்தது. வார்ப்பில் செய்த போலியில் பின்பக்கம் மொழுக்கென்றோ, பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்தோ இருக்கும். முன்பக்கம் எழுத்தைச் சுற்றி மணல் தூவியது போன்ற சொரசொரப்பு இருக்கிறதே, அதுதான் நான் முதலில் பார்க்கும் இடம். போலியில் அது பாயசத்து ஜவ்வரிசி மாதிரி கரைந்து போயிருக்கும். இதில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது.

பின்னால் ஒரு தோல் நாக்கு தைத்திருந்தது. பெல்ட் உரசாமல் இருக்க வைப்பது. அதில் கம்பெனி பெயர் அழிந்து, 'லூடன்ஷைட்' என்ற ஊரின் பாதியும் 1939 என்ற வருஷமும் மட்டும் லென்ஸில் தெரிந்தன. லூடன்ஷைட் பட்டனுக்கும் பக்கிளுக்கும் பேர்போன ஊர். அலுமினியமும் 1939-ம் பொருந்துகிறது. தோலில் 1943 என்று இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

எழுத்தில் இருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. 1970-களில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. இங்கிலாந்தில் செய்த போலி பக்கிள்களை, டிஃபனி கம்பெனி 19-ஆம் நூற்றாண்டில் செய்தது என்று விற்றார்கள். சந்தேகம் வரக்கூடாது என்று அதற்கு ஒரு புத்தகமே அச்சடித்தார்கள், 1950-இல் வந்தது என்று பொய்த் தேதி போட்டு! 1973-இல் டங்கன் கேம்ப்பெல் என்பவர் தனிப் புத்தகம் எழுதித்தான் அதை உடைத்தார். பொய்ச் சாமானுக்குப் பொய் ஜாதகம். கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள்.

"நெஜம்தான் ஐயா" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது. அடுத்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம்.

ஜெர்மன் பாராசூட் படை விமானப்படையைச் சேர்ந்தது. விமானப்படை பக்கிளில் பறக்கும் கழுகு இருக்கும், கடவுள் வாசகம் இருக்காது. இது தரைப்படை பக்கிள். அதனால் அந்தப் பாராசூட்காரன் கதை அப்படியே நிற்கவில்லை. ஆனால் அவர் கொண்டு வந்திருந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் 12-வது ஃபீல்டு கம்பெனி என்று இருந்தது. அது நான்காவது இந்திய டிவிஷனோடு 1944 பிப்ரவரியில் காசினோவில் இருந்த கம்பெனி. அந்த மாதம் எதிரே 90-வது பான்சர் கிரெனடியர் டிவிஷனும் இருந்தது, அவர்கள் தரைப்படை. ஆக ஊரும் காலமும் ஒத்துப் போகிறது. பிடித்தாரா, விழுந்து கிடந்ததை எடுத்தாரா, கைதியிடம் சிகரெட் கொடுத்து வாங்கினாரா என்று பக்கிள் சொல்லாது.

அதே மாதம் 24-ஆம் தேதி, காசினோவுக்குத் தெற்கே மின்யானோ பக்கத்தில், இதே மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், தன் ஆட்களைக் காப்பாற்ற வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து உயிரைக் கொடுத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். நம் பள்ளிக்கூடப் பாடத்தில் நான் அவரைப் படித்ததாக ஞாபகமே இல்லை. பெரியவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. "அப்பா சொல்லுவாரு" என்றார்.

அடுத்து விலை. இந்த மாதிரி தரைப்படை பக்கிள் லட்சக்கணக்கில் அடித்தது. நல்ல நிலையில் இருந்தாலே வெளிநாட்டில் நூறு டாலர் சுமாருக்குத்தான் போகும். லட்சக்கணக்கில் கேட்பது அபூர்வ வகைகளுக்கு, போலியும் அதில்தான் அதிகம். இதுவோ தேய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கம்மா புளி போட்டுத் தேச்சிடுவாங்க தம்பி. சாமி சின்னம் இருக்குன்னு பூஜை ரூம்லயே வெச்சிட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல."

அந்தச் சின்னத்தின் கீழ் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கணவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்தும் குங்குமம் வைக்க விட்டிருக்கிறார். அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப இது எவ்வளவு பெறும்?"

"நாலாயிரம், ஐயாயிரம். குங்குமத்தோட யாரும் வாங்க மாட்டாங்க."

"கழுவிடட்டுமா?"

"வேண்டாம் ஐயா."

அங்கேயே உட்கார்ந்து வேலூருக்கு போன் போட்டார். தம்பி மகன் நம்பவில்லை. காந்தம் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த திருப்பதி பெருமாளை எடுத்துக்கொண்டு வந்தேன்.