புண்ணாக்கு: மலையேறிய ஒரு சொல்

பெரிய ஆங்கில அகராதிகளில் ‘பூனாக்’ என்றொரு சொல் உண்டு. தேங்காயை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, இலங்கையில் மாட்டுக்குத் தீனியாகவும் நிலத்துக்கு எருவாகவும் பயன்படுவது என்று பொருள் எழுதி, சிங்களத்தின் வழியே தமிழிலிருந்து வந்தது என்று மூலமும் காட்டியிருப்பார்கள். நம் புண்ணாக்குதான் அது. இலங்கை மலையகத்தின் வரலாற்றைக் கோப்பி, தேயிலை என்று பயிர்களின் பெயராலேயே எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பயிரை இழுத்துச் சென்ற மாடு எதைத் தின்றது என்று கேட்டால், அதே வரலாற்றில் வேறு ஆட்கள் கண்ணில் படுகிறார்கள்.

தமிழ் அகராதி ‘பிண்ணாக்கு’ என்பதைத் தலைச்சொல்லாக வைத்து, வடமொழியின் ‘பிண்யாக’ என்ற சொல்லோடு அதை இணைக்கிறது. மலையாளத்தில் இன்றும் பிண்ணாக்குதான். சொல்லைப் போலவே பண்டமும் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆநிரைக் கண்காணிப்பாளருக்கென ஓர் அதிகாரம் இருக்கிறது. மூக்கணாங்கயிறு பூட்டி, குதிரைக்கு ஈடாக ஓடிப் பாரம் இழுக்கும் எருதுக்குப் புல்லோடு 100 பலம் செக்குப் பிண்ணாக்கு, 10 ஆடகம் தவிடு, 5 பலம் உப்பு என்று அங்கே அளவு வகுத்திருக்கிறார்கள். பிண்ணாக்கு, தவிடு, உப்பு என்ற அந்தக் கூட்டு இன்றைய மாட்டுத் தொட்டியிலும் மாறவில்லை.

பிண்ணாக்கு எப்படிப் புண்ணாக்கு ஆனது? பேச்சுத் தமிழில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் ப, ம, வ போன்ற இதழொலியும் பின்னால் ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலியும் நின்றால், நடுவில் உள்ள இகரம் உகரமாகக் குவியும், எகரம் ஒகரமாகும். பிள்ளை புள்ளையாகிறது, பிடி புடியாகிறது, வீடு வூடாகிறது, பெண் பொண்ணாகிறது. பிண்ணாக்கும் அதே வழியில்தான் புண்ணாக்கு ஆயிற்று.

இந்த ஓர் எழுத்து மாற்றம் ஒரு சாட்சியும் சொல்கிறது. சிங்களத்தில் இதன் பெயர் ‘புன்னக்கு’. ஏட்டிலிருந்து எடுத்திருந்தால் அங்கே ‘பி’ இருந்திருக்கும். ‘பு’ இருப்பதால், அந்தச் சொல்லைக் கொடுத்தது தமிழரின் வாய்ப்பேச்சு என்பது உறுதி. எண்ணெய் ஆட்டும் செக்கைச் சிங்களம் ‘செக்குவ’ என்கிறது. கொள்ளுப் பயறைக் ‘கொல்லு’ என்கிறது. செக்கடியிலும் மாட்டடியிலும் புழங்கியவர்கள் சொல்லையும் பண்டத்தையும் ஒன்றாகவே கைமாற்றியிருக்கிறார்கள்.

சொற்கள் தமிழிலிருந்து போக மட்டும் இல்லை, வந்தும் சேர்ந்தன. இலங்கைத் தமிழர் மாட்டுவண்டியை மாட்டுக்கரத்தை என்பார்கள். அது போர்த்துக்கேயரின் ‘கரேத்தா’, சிங்களத்தில் ‘கரத்தய’. வண்டிக்குப் பெயர் கடல் தாண்டி வந்தது. வண்டி இழுத்த மாட்டின் தீனிக்குப் பெயர் தமிழிலிருந்து போனது.

அந்தக் கரத்தைகள்தான் கோப்பிக் காலத்தின் உயிர்நாடி. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதற்கு முன்பு மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் கரத்தையில்தான் இறங்கின. தோட்டத் தொழிலாளருக்குக் கூலியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட அரிசி கரத்தையில்தான் ஏறியது. கடுகண்ணாவைக் கணவாயில் பாரத்தோடு ஏறும் மாட்டுக்கு மேய நேரம் கிடையாது. நாள் முழுக்க நுகத்தடியில் இருந்துவிட்டு, இரவில் அவிழ்த்துக் கட்டிய இடத்தில்தான் அது தின்ன வேண்டும், அசைபோட வேண்டும். சுமார் 300 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு ஏழு கிலோ அளவுக்கு உலர்தீனி தின்னும். ஆனால் வைக்கோலில் உள்ள புரதம் நூற்றுக்கு நான்கு பங்குதான். வயிறு நிறையும், தசை தேறாது. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு இருபது பங்கு, கடலைப் புண்ணாக்கில் நாற்பதுக்கும் மேல். கைப்பிடி எண்ணிக்கையில் போடுகிற பண்டம் வண்டியை இழுக்க வைப்பது இதனால்தான்.

மலையில் இதன் தேவை இன்னும் கூடியது. தோட்டத்துச் சரிவுகளில் வயல் இல்லை; வைக்கோல் பள்ளத்தாக்குகளிலிருந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் அறுத்த புல்லில் தண்ணீர்தான் பாதிக்கு மேல். அதனால் கீழ்நாட்டுத் தென்னந்தோப்புகளின் எண்ணெய்ச் சக்கை மலைக்குப் பெறுமதியான சரக்கானது. சில துரைமார் அதை நேரே மண்ணிலும் புதைத்தார்கள். மாட்டுக்குக் கொடுத்தால் வேலையும் கிடைத்தது, நல்ல எருவும் கிடைத்தது.

‘மாட்டுக்குத் தண்ணி காட்டுறது’ என்பார்கள். வெறும் தண்ணீரை யாரும் காட்டுவதில்லை. முதல்நாளே புண்ணாக்குக் கட்டியை உடைத்து ஊறப்போட வேண்டும். கட்டி இளகியதும் அரிசி கழுவிய கழுநீரை ஊற்றி, தவிட்டையும் ஒரு பிடி உப்பையும் போட்டுக் கையால் அடிவரை கலக்க வேண்டும். கலக்குகிற கைக்குக் கட்டி தட்டுப்படக் கூடாது. மாடு மூக்கை முக்கி, மூச்சை அடக்கி உறிஞ்சி, கடைசியில் அடியில் தங்கிய மண்டியை நாக்கால் வழித்தெடுக்கும். மண்டியை விட்டுவைத்தால் புண்ணாக்கில் பூசணம் என்று அர்த்தம். குளிரும் ஈரமும் உள்ள மலையில் புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வைப்பது இதனால்தான்.

கொள்ளு கொடுப்பதானால் வேகவைத்து மசித்துக் கொடுக்க வேண்டும். கொள்ளும் மலைக்குப் புதிதன்று. பாரியின் பறம்பைப் பாடிய கபிலர், கொள் விதைக்க உழும் அகன்ற நிலத்தைப் புறநானூற்றில் சொல்கிறார். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மாடு பராமரிக்கும் அறிவையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் கணக்கில் அந்த அறிவுக்குக் கூலி எழுதப்படவில்லை.

ரயில் நாவலப்பிட்டிக்கு 1874இலும், அட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை தழைத்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டியை மாடுதான் இழுத்தது. பிறகு லாரி வந்து அதையும் எடுத்துக்கொண்டது. வேலைமாடு போனாலும் சொல் போகவில்லை. இன்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் பால்மாடு நிற்கிறது. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண் புல்லுக்கட்டோடு வருகிறாள். தோட்டச் சம்பளம் போதாத வீட்டில் பால்காசு கைகொடுக்கிறது. அந்தக் காசில் ஒரு பங்கு மறுபடி புண்ணாக்குக்கே போகிறது.

இப்படிப்பட்ட சொல்லைத் தமிழ் சினிமா வசவாக்கிவிட்டது. மூளையில்லாதவனைப் புண்ணாக்கு என்று திட்டுகிறோம். எண்ணெய் போன பிறகும் சத்து மிஞ்சுகிற பொருளுக்கு அந்த அவப்பெயர் தகாது. பிழிந்தெடுத்த பிறகும் ஊட்டம் கொடுப்பதுதான் அதன் குணம்.

மலையகத் தமிழின் சொல்வளத்தைத் தொகுக்க முனைவோர் கொழுந்து, பெரட்டு, கங்காணி, லயம் என்ற தொழிற்சொற்களோடு நின்றுவிடக் கூடாது. மாட்டுக் கொட்டிலிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும்; அங்கே புழங்கும் சொற்களை, ஒலி திருத்தாமல், சொல்கிறபடியே எழுத வேண்டும். ‘பி’யை மீட்டுத் திருத்தி எழுதியிருந்தால், இந்தச் சொல்லை மற்ற மொழிகளுக்குக் கொடுத்தவர் யார் என்பதே தெரியாமல் போயிருக்கும்.