பெண்களிடையேயான காதல்: நாவல் வரலாறு

பெண்ணும் பெண்ணும் கொள்ளும் காதலை மையப் பொருளாகக் கொண்ட நாவல் இந்திய மொழிகளில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடிவம் பெற்றது. இந்தி, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அது தனித்தனியாக வளர்ந்தது. தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருப்பது மலையாளம். நீலகிரிக்காரர்களுக்கு இன்னும் அருகில். கூடலூர்ப் பக்கத்துக் கடைத்தெருக்களில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கின்றன, நாடுகாணி வழியாக மலையிறங்கினால் நிலம்பூர் வந்துவிடும். ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நடராஜ குரு 1923இல் தொடங்கிய நாராயண குருகுலத்தில் வாழ்ந்த நித்ய சைதன்ய யதி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஏராளமாக எழுதியவர். மாதவிக்குட்டி என்கிற கமலா தாஸின் ‘என் கதை’யைத் தமிழுக்குக் கொண்டுவந்த நிர்மால்யாவும் ஊட்டிக்காரரே.

வரலாற்றை நாவலிலிருந்து தொடங்க முடியாது. ஒரு சிறுகதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதை ‘லிஹாஃப்’ 1942இல் வெளிவந்தது. கணவனால் கவனிக்கப்படாத பேகம் ஜானுக்கும் பணிப்பெண் ரப்புவுக்கும் இடையே நடப்பதை, விவரம் புரியாத சிறுமியின் கண்வழியே கதை சொல்கிறது. ஆபாச வழக்குக்காக ஆசிரியர் லாகூர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்தார். எந்தச் சொல் ஆபாசம் என்று சாட்சிகளால் நிறுவ முடியாததால் வழக்கு நிற்கவில்லை. சிறுமிக்குப் புரியாததை வாசகருக்குப் புரியவைத்த உத்தியே ஆசிரியரைக் காப்பாற்றியது எனலாம். இங்கிலாந்தில் ராட்க்ளிஃப் ஹாலுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1928இல் வெளியான அவருடைய ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவலை அழிக்க லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தியில் ராஜ்கமல் சௌத்ரியின் ‘மச்லி மரீ ஹுயீ’ (1966) இப்பொருளைத் துணிந்து தொட்டது. ஆனால் பெண்களின் காதலை அது குணப்படுத்த வேண்டிய நோயாகவே பார்த்தது. வரலாற்றுக்காகப் படிக்கலாம், பரிந்துரைக்க இயலாது.

மலையாளத்தில் வி. டி. நந்தகுமாரின் ‘ரண்டு பெண்குட்டிகள்’ (1974) கோகிலா, கிரிஜா என்ற இரு இளம்பெண்களின் நெருக்கத்தைப் பரந்த வாசகர் கூட்டத்துக்கு எடுத்துச்சென்றது. மோகன் இயக்கத்தில் 1978இல் திரைப்படமும் ஆனது. அந்தக் காதலைக் கனிவோடு விவரிக்கும் நாவல், முடிவில் ஆண்களோடு நடக்கும் திருமணத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பருவக் கோளாறு, கடந்துபோகும் என்ற ஆறுதலைப் பெற்றோருக்கு அது தருகிறது. பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ (1986) திரைப்படத்தில் பள்ளிச் சுற்றுலாவிலிருந்து ஓடிப்போகும் இரு மாணவிகளுக்கோ மரணமே முடிவு. கல்யாணம், இல்லையென்றால் சாவு: அன்றைய கதைசொல்லிகள் கைவசம் வைத்திருந்த முடிவுகள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த வரிசையில் தனித்து நிற்பது மாதவிக்குட்டியின் ‘சந்தன மரங்கள்’ (1988). சின்னஞ்சிறு குறுநாவல். ஷீலா, கல்யாணிக்குட்டி என்ற இருவரின் இளவயதுக் காதலை, நடுவயதின் தொலைவிலிருந்து ஷீலா திரும்பிப் பார்க்கிறாள். தன்னைவிட மிகவும் மூத்தவரை மணந்து, மருத்துவராகப் பெயர் பெற்று, வெளியார் பார்வையில் எல்லாம் நிறைந்த வாழ்க்கை அவளுக்கு. இங்கே கல்யாணம் எதையும் முடித்துவைக்கவில்லை. ஷீலாவின் பொய் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நந்தகுமார் தீர்வு என்று வைத்ததை மாதவிக்குட்டி நோயாகக் காட்டினார். இரு நூல்களுக்கும் இடையே 14 ஆண்டுகள்தான். ‘என் கதை’யில் பள்ளிப் பருவ ஈர்ப்புகளை ஒளிக்காமல் எழுதியவர் என்பதால் இந்தக் குறுநாவலையும் சுயசரிதையாகப் படிக்கும் வழக்கம் உண்டு. அது தேவையற்ற வேலை. கற்பனையாகவே அது வலுவானது.

ஆங்கிலத்தில் எழுதிய இந்தியர்கள் வேறு வகைமைகளை நாடினார்கள். சுனிதி நாம்ஜோஷியின் ‘கான்வர்சேஷன்ஸ் ஆஃப் கௌ’ (1985) ஒரு நையாண்டிப் புனைவு. அதில் பத்ராவதி என்ற பசு பெண்களை விரும்புகிறது, பேசுகிறது, வாதாடுகிறது. பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. ஷோபா டேயின் ‘ஸ்ட்ரேஞ்ச் அப்செஷன்’ (1992) வெகுஜனத் திகில் கதை. மாடல் அழகியைத் துரத்தும் பெண்ணை அரக்கியாக்கியதோடு சரி. மஞ்சு கபூரின் ‘எ மேரீட் வுமன்’ குடும்ப நாவல். பாபர் மசூதி இடிப்புக் காலத்து டெல்லியில், குழந்தைகள் உள்ள ஆஸ்தாவுக்கும் பிப்பீலிகாவுக்கும் அரும்பும் உறவைச் சொல்கிறது. அபா தவேசரின் ‘பேபிஜி’ (2005) அதே நகரத்தில், மண்டல் இடஒதுக்கீட்டுப் போராட்டக் காலத்தில், இயற்பியலில் கெட்டிக்காரியான பள்ளி மாணவி அனாமிகாவின் காதல்களைக் குற்றவுணர்வு துளியும் இல்லாமல் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறது. இது லாம்டா இலக்கிய விருது பெற்றது.

வரலாற்றுப் புனைவு விரும்புவோருக்கு ரூத் வனிதாவின் ‘மெமரி ஆஃப் லைட்’ (2020). 18ஆம் நூற்றாண்டு லக்னோவில் சந்திக்கும் கணிகையர் நஃபீஸ் பாய், சப்லா பாய் ஆகியோரின் காதல் கதை. சலீம் கித்வாயுடன் இணைந்து இந்திய இலக்கியத்தில் ஒருபால் காதலின் சான்றுகளை 2000இல் தொகுத்த ஆய்வாளர் ரூத் வனிதா. அந்த உழைப்பின் சாரம் நாவலிலும் தெரிகிறது. மிகைபுனைவில் தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ (2021). சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினியும், மாய ஆற்றலை மறைத்துப் பணிப்பெண்ணாக வாழும் பிரியாவும் நாயகிகள். உலக மிகைபுனைவு விருது இதற்குக் கிடைத்தது. மாயாஜாலம் என்று இதை ஒதுக்குவது தவறு. இங்கே காதலுக்குக் குறுக்கே வருவது மாமியார் வீடு அல்ல, அந்தக் கற்பனைப் பேரரசின் அரசியல்.

தமிழர் வாழ்வை நேரடியாகப் பேசுவது எஸ். ஜே. சிந்துவின் ‘மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்’ (2017). ஆசிரியர் இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழர். நாயகி லக்கியும் அவள் கணவன் கிருஷ்ணாவும் தன்பாலீர்ப்பாளர்கள். வீட்டாருக்காக மணந்துகொண்டு, ஒருவரையொருவர் மறைத்துக் காக்கிறார்கள். பாட்டிக்கு உடம்பு முடியாமல் போகத் தாய்வீடு திரும்பும் லக்கி, முதல் காதலி நிஷாவுக்குக் கல்யாண ஏற்பாடு நடப்பதைக் காண்கிறாள். பாஸ்டன் புறநகரில் நடந்தாலும் அந்த வீட்டின் பேச்சும் பயமும் நமக்குத் தெரிந்தவைதான்.

தமிழ்ப் புனைகதையில் இவற்றுக்கு இணையாகப் பேசப்படும் நாவல் இன்னும் இல்லை. நீலகிரியைக் களமாகக் கொண்டவற்றுள் புகழ்பெற்றது ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. படகர் வாழ்வின் மாற்றமே அதன் பொருள். தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடையேயான காதலை எழுத ஆள் வரவில்லை. சட்டம் முந்திக்கொண்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரு இளம்பெண்களின் வழக்கில், இவ்விருப்பத்தை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்கு 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் ‘சந்தன மரங்க’ளில் தொடங்கலாம், அடுத்து சிந்துவின் நாவல். சிரிக்க விரும்பினால் ‘பேபிஜி’. ‘ஸ்ட்ரேஞ்ச் அப்செஷ’னைத் தவறவிட்டால் நட்டமில்லை.