மடைக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு கணக்கு

தேனாம்பேட்டைக்குப் பக்கத்தில் ஏரிப்பாசனம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். ஆனா 19-ஆம் நூற்றாண்டு மதராஸ் வரைபடங்களைப் பாருங்கள். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீளமான ஏரி படுத்திருக்கும். வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றே எழுதினார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்ப்பலகைகள் மட்டும் மிச்சம்.

ஏரி என்றால் அதற்குக் கீழே ஆயக்கட்டு, ஆயக்கட்டு என்றால் ஒரு கணக்கு. இவ்வளவு தண்ணி இருக்கு, எத்தனை ஏக்கர் நடலாம்? நான் இந்தக் குறிப்பில் பின்தொடர நினைப்பது அந்தக் கணக்கைத்தான். ஏன்னா அதே கணக்கு உருமாறி, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருக்கிறது.

பழைய முறையில் கேள்வி ரொம்ப எளிமை. ஏரி பாதிதான் நிரம்பியதா? அப்போ பாதி நிலம்தான் நடவு. இலங்கையின் உலர் வலயக் குளங்களில் இதற்கு 'பெத்ம' என்று ஒரு வழக்கமே உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் மடைக்குப் பக்கத்தில் உள்ள நிலத்தை மட்டும் எடுத்து, அதையே எல்லாப் பங்காளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யாருடைய வயல் எங்கே என்பது அந்தப் போகத்துக்கு ஒத்திவைக்கப்படும். நிலத்தைச் சுருக்கு, பயிரைப் பட்டினி போடாதே. இதில் ஒரு வேளாண் அறிவு ஒளிந்திருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரிட்டிஷ் பொறியாளர்கள் இதை எண்ணாக்கினார்கள். 'டூட்டி' என்று பெயர். ஒரு கன அடி தண்ணீர் பயிர்க்காலம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் எத்தனை ஏக்கர் விளையும் என்பதுதான் டூட்டி. வயலில் மொத்தமாக நிற்க வேண்டிய உயரத்துக்கு 'டெல்டா' என்று பெயர். நெல்லுக்கு 4 அடி, 120 நாள் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 60 ஏக்கர் வரும். சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள் இந்தச் சூத்திரத்தைத் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்திருப்பார்கள். வாய்க்கால் வெட்ட இது அருமையான கருவி. ஆனா இதில் விளைச்சலே கிடையாது! தண்ணீர் இருந்தால் ஏக்கர், இல்லாவிட்டால் இல்லை. 4 அடிக்குப் பதில் 3 அடி கொடுத்தால் எத்தனை மூட்டை குறையும் என்று டூட்டியிடம் கேட்டால் அதற்கு வாயே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் தேனாம்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தார்கள். கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1860-களில், சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை தொடங்கியது. 1868-ல் அங்கே வேளாண் பள்ளி. அதுதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. சைதாப்பேட்டையின் கவனம் சீமைக் கலப்பை, புதுப் பயிர், கருவிகள் என்று போனது. தண்ணீர் பொதுப்பணித்துறைச் சமாச்சாரம், விளைச்சல் வேளாண்துறைச் சமாச்சாரம். என் கணிப்பில் இந்தத் துறைப் பிரிவினைதான் நம்மைப் பல தலைமுறைகள் பின்னுக்குத் தள்ளியது. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை என்பது வேறு விஷயம்.

செடி எவ்வளவு குடிக்கிறது என்று இந்தியாவில் முறையாக அளந்தவர்களில் ஜே. டபிள்யூ. லெதர் முக்கியமானவர். பீகாரின் பூசாவில் அரசின் வேளாண் வேதியியலாளராக இருந்தவர். தொட்டிகளில் செடி வளர்த்து அளந்து 1910, 1911-ல் முடிவுகளை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸும் ஷாண்ட்ஸும் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். 1958-ல் நெதர்லாந்தின் டி விட் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, செடி வெளிவிடும் நீராவிக்கும் அது சேர்க்கும் எடைக்கும் நேர் உறவு இருக்கிறது என்று காட்டினார். இலைத்துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், திறந்தால் தண்ணீர் வெளியே போகும். இரண்டுக்கும் ஒரே வாசல்.

1979-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பில் டோரன்போஸும் கஸ்ஸாமும் இதை ஒரு வரிச் சூத்திரமாக்கினார்கள். பயிருக்குத் தேவையான நீராவிப்போக்கில் எத்தனை சதவீதம் குறைகிறதோ, அதை ஒரு எண்ணால் பெருக்கு. விளைச்சல் இழப்பு வந்துவிடும். அந்த எண் பயிருக்குப் பயிர் மாறும். நிலக்கடலைக்கு 0.7, கரும்புக்கு 1.2. அதாவது 20 சதவீதம் தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் கடலையில் 14 சதவீதம் போகும், கரும்பில் 24 சதவீதம் போகும். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நிலத்துக்குப் பரப்புவது லாபம். ஒன்றுக்கு மேலே என்றால் நிலத்தைச் சுருக்குவதே புத்தி. பெத்ம வைத்த ஊர்க்காரர்கள் நெல் விஷயத்தில் செய்தது இந்த இரண்டாவதைத்தான், சூத்திரம் இல்லாமலே.

இன்னொன்று, அந்த எண் பருவத்துக்குப் பருவமும் மாறும். தூர் கட்டும்போது நெல் கொஞ்சம் காய்ந்தால் சமாளித்துக்கொள்ளும். தொண்டைக்கதிரிலும் பூக்கும்போதும் காய்ந்தால் பதர்தான். வயல் பச்சையாகவே நிற்கும், அறுத்தால் மூட்டை வராது.

இப்போ காவிரிக்கு வருவோம். நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் தந்த இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்று மாதவாரிப் பட்டியல் உண்டு: ஜூன் 10, ஜூலை 34, ஆகஸ்ட் 50, செப்டம்பர் 40, அக்டோபர் 22, நவம்பர் 15, டிசம்பர் 8, ஜனவரி 3, பிறகு மே வரை மாதம் 2.5. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் இதிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 177.25 ஆக்கியது. வாய்க்கால் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 4 அடிக் கணக்கில் அது 84,000 ஏக்கருக்கு மேல் நெல்லுக்கான தண்ணீர்.

குறைத்த பிறகு நடைமுறைக்கு வந்த பட்டியலைக் கால்குலேட்டரோடு உட்கார்ந்து பாருங்கள், சுவாரசியமா இருக்கும். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76. எந்த மாதத்தை எடுத்தாலும் பழைய அளவில் 91.9 சதவீதம். பிப்ரவரி முதல் மே வரை மட்டும் கை வைக்கவில்லை. நாற்றங்கால் நேரமானாலும் பூக்கும் நேரமானாலும் ஒரே வெட்டு. பற்றாக்குறை ஆண்டுகளுக்கான விதியும் இப்படித்தான்: மாநிலங்களின் பங்கு விகிதப்படி குறையும். மாநிலங்களுக்கு இடையே இதைவிட நியாயமாகத் தோன்றும் விதி கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனா பயிருக்கு விகிதாசாரம் தெரியாது.

நடுவில் மேட்டூர் இருக்கிறதே, 93.47 டி.எம்.சி. தேக்கலாமே, எல்லையில் எப்போது வந்தால் என்ன என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அணை இருப்பதால்தான் எந்தப் பருவத்தைக் காய விடுவது என்ற முடிவு நம் கைக்கு வருகிறது. வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். குறுவைக்குத் திறப்பது என்பதே தென்மேற்குப் பருவமழை மேல் வைக்கும் ஒரு பந்தயம். 2023-ல் அந்தத் தேதியில் திறந்தார்கள். அந்த ஆகஸ்ட், 1901-லிருந்து பதிவான ஆகஸ்ட்களிலேயே நாடு முழுக்க மழை மிகக் குறைந்த மாதம். அக்டோபரில் பாசனத் திறப்பை நிறுத்த வேண்டியதாயிற்று, சம்பா வடகிழக்குப் பருவமழையை நம்பி நின்றது. ஜூனில் குறுவைப் பரப்பைச் சுருக்கியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் மாடல்கள் இருக்கின்றன. ஒரைசா, அக்வாகிராப் இரண்டும் தினசரிக் கணக்குப் போடுபவை. 2009-ல் வந்த அக்வாகிராப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இவை காட்டும் இன்னொரு விஷயம் டெல்டாவுக்கு முக்கியம். நெல்லின் நீராவிப்போக்கு ஒரு போகத்துக்கு 450 முதல் 700 மில்லிமீட்டர்தான். 4 அடி என்பது 1,200 மில்லிமீட்டர். மீதியில் பெரும்பகுதி கீழே இறங்குகிறது. அதனால் வயலுக்கு விடும் தண்ணீரைக் குறைப்பதும் பயிரின் குடிநீரைக் குறைப்பதும் ஒன்றல்ல. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது: நீர் மறைந்த பிறகு நீர் கட்டு, பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடாதே. ஆனா கீழே இறங்கிய தண்ணீரைத்தான் இன்னொரு விவசாயி போர்வெல்லில் எடுக்கிறார். வயல் அளவில் மிச்சமானது மாவட்ட அளவில் மிச்சம்தானா என்பது தனிக் கணக்கு. தவிர, காய்ச்சலுக்குப் பிறகு பாய்ச்சல் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷத்தில் கடைமடைக்காரரிடம் போய் வயலைக் காய விடச் சொல்லிப் பாருங்கள். தன் முறை வரும்போது கிடைத்த தண்ணீரை வரப்பு நிறையக் கட்டத்தான் செய்வார்; மாடல் அதை விரயம் என்று பதிவு செய்யும்.