எண்ணூர் காரும் எங்கள் வீட்டு ஷெட்டும்

பி.காம் படிக்கிறவனுக்கு கார் இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் தெரியாது :-) போன மாதம் வரைக்கும். இப்போது கொஞ்சம் தெரியும். அதோடு நம்ம வடசென்னையின் சரித்திரம் ஒன்றும் கூடவே தெரிந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்து வீடு பாகம் பிரித்து விற்கப்படுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட். அதில் தாத்தாவின் ஆஸ்டின் ஏ-40. பல வருடங்களாக அது நகரவில்லை. அதன் மேல் காய்ந்த மிளகாய் மூட்டையிலிருந்து என் கிரிக்கெட் பேட் வரை எல்லாம் இருந்தது. பெரியப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வைக்க இடம் பார்க்கலாம். இல்லன்னா காயலான் கடைதான்." இரும்பு எடை போடுகிறவர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கணக்குப் பாடப்படி பார்த்தால் பெரியப்பா சொன்னதில் தப்பே இல்லை. வருடம் 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், 100 ரூபாய்க்கு வாங்கிய கார் 70 வருடத்தில் ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆனால் ஒரு விஷயம். அந்த முறையில் மதிப்பு எத்தனை வருடம் ஆனாலும் பூஜ்யம் ஆகாது. அந்தத் தைரியத்தில் இறங்கினேன்.

முதலில் இந்தக் கார் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இங்கிலாந்து என்றுதான் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. ஆஸ்டின் கம்பெனி 1947 இல் ஏ-40 காரை வெளியிட்டது. நான்கு சிலிண்டர், 1200 சிசி, சுமார் 40 குதிரைசக்தி. நான்கு கதவு வைத்ததற்கு டெவன் என்றும், இரண்டு கதவு வைத்ததற்கு டார்செட் என்றும் அங்குள்ள மாவட்டங்களின் பெயரை வைத்தார்கள். எங்களுடையது டெவன்.

அடுத்த வருடமே, 1948 செப்டம்பரில், ரகுநந்தன் சரண் என்பவர் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பஞ்சாபைச் சேர்ந்த சுதந்திரப் போராட்டக்காரர். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். (நான் இத்தனை நாள் அசோகச் சக்கரவர்த்தி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!) தொழிற்சாலை போட்ட இடம், அன்று சின்ன மீனவக் கிராமமாக இருந்த எண்ணூர். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும். எண்ணூரில் அவற்றைப் பூட்டிக் காராக்குவார்கள். 1949 இல் ஏ-40 கார்கள் அங்கிருந்து வெளியே வர ஆரம்பித்தன. இன்று லாரி, பஸ்ஸுக்குப் பெயர் போன அசோக் லேலண்டின் ஆரம்பம் ஒரு குடும்பக் கார்!

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

நானே புது பேட்டரி வாங்கி மாட்டிப் பார்த்தேன். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அப்புறம்தான் தெருக்கோடி மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டைத் திறந்ததும் முதல் கேள்வி: "தம்பி, யாரு பேட்டரி மாட்டினது?" நான்தான் என்றேன். சிரித்தார். இந்தக் காரில் பேட்டரியின் ப்ளஸ்தான் பாடிக்குப் போக வேண்டுமாம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவும் அப்படித்தான். மாற்றி மாட்டினாலும் செல்ஃப் அதே பக்கம்தான் சுற்றும். அதனால் தப்பு செய்தது தெரியாது. ஆனால் காயிலில் கரண்ட் தலைகீழாகப் போய் பொறியின் பலம் குறையும்.

"ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மூணே கேள்வி தம்பி. பொறி வருதா? பெட்ரோல் வருதா? அமுக்கம் இருக்கா?" என்றார் பாய். இதை வரிசையாகக் கேட்காமல் கண்டதைக் கழற்றுகிறவன்தான் வண்டியைக் கெடுப்பானாம்.

அமுக்கத்தை முதலில் பார்த்தோம். பல வருடம் சும்மா நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்கவே கூடாது. நான் அடித்ததற்குத் திட்டு வாங்கினேன். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊற விட்டார். மறுநாள் முன்பக்க ஓட்டையில் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றினோம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் பக்கமே வைக்க வேண்டும், கம்பியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். பிளக் ஓட்டையில் விரலை வைத்து மூடினால் காற்று விரலைத் தள்ள வேண்டும். நான்கிலும் தள்ளியது. பாதி உயிர் வந்தது எனக்கு.

அடுத்து பொறி. பிளக் ஒயரை இன்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றினால் நீலமாகப் பொறி தாவ வேண்டும். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. "டெல்கோவைத் திற" என்றார் பாய். டிஸ்ட்ரிபியூட்டருக்கு நம்ம மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது. மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூத்துக் கிடந்தது. கடற்காற்று! துறைமுகத்துப் பக்கம் ஷெட்டில் நின்றால் வேறென்ன ஆகும்? நைசான எமரித் தாளால் தேய்த்து, கேஜ் வைத்து இடைவெளியைச் சரி செய்து, கண்டென்சரை மாற்றினோம். டிக்கென்று நீலப் பொறி!

அன்று இரவு அந்த டெல்கோ என்ற சொல்லைத் தேடினேன். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1909 இல் தொடங்கிய டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியின் சுருக்கம் அது. பாயிண்டும் காயிலும் வைத்துப் பொறி உண்டாக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1912 மாடல் காடிலாக் காரில் எலக்ட்ரிக் செல்ஃப் வந்ததும் அவரால்தான். அதற்கு முன் எல்லோருக்கும் ஹேண்டில்தான், உடைந்த கைதான். பெட்ரோல் பம்புக்கு பாய் சொல்லும் 'ஏசி பம்ப்' என்ற பெயரும் அப்படியே. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரின் பெயர்ச் சுருக்கம். வண்ணாரப்பேட்டைத் தெருக்கோடியில் அவர்கள் பெயர் இன்னும் தினமும் புழங்குகிறது.

கடைசியாக பெட்ரோல். டேங்கில் இருந்தது பெட்ரோலே இல்லை, வார்னிஷ். அதை வடித்துக் கழுவி, கார்புரேட்டரின் ஜெட்டில் காற்றடித்து ஊதினோம். ஏசி பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தது, மாற்றினோம். இதில் ஒரு கவலை இருக்கிறது. 2023 முதல் நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025 க்குள் எங்கும் பரவிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் பாகங்கள் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் குழாய்களையும் புதிதாகவே போட்டோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தோம். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது! ஷெட் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அக்கா தீ என்று ஓடி வந்துவிட்டார். பெரியப்பா வாசலில் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துனியாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இரும்புக்காரருக்கு அவரே போன் செய்து வர வேண்டாம் என்றார்.

எண்ணூர் கார் ஏன் நின்றது என்பதையும் பாயின் முறையிலேயே பார்த்தேன். பாகம் பூட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், கம்பெனியும் இருந்தது. ஆனால் அன்றைய இந்தியாவில் கார் வாங்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. 1953 இல் சுங்கவரி ஆணையம், வெறுமனே பாகம் பூட்டுகிறவர்கள் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் தொடரலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட அந்தச் சமயத்தில்தான் இங்கே கடையைக் கட்டின. நாட்டுக்கு உடனே வேண்டியது காரைவிட லாரிதான் என்று சரண் முன்பே லேலண்டோடு பேச்சு நடத்தியிருந்தார். அதன் பலனைப் பார்க்காமலே விமான விபத்தில் இறந்தார். 1955 இல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரில் காலூன்றியதும் அதே 1955 தான். ஆக, எண்ணூர் ஸ்டார்ட் ஆகாமல் போகவில்லை. வேறு வண்டியாக ஓட ஆரம்பித்தது.

லாரிக்கு வரலாறு இருக்கிறது. ஆனால் 1949 இல் அந்த ஏ-40 களைப் பூட்டிய கைகள் யாருடையவை? எர்ணாவூரிலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்து போனவர்களாக இருக்கலாம். அவர்களில் யாரும் இன்று இருக்க வாய்ப்பில்லை. அவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது "எங்கப்பா எண்ணூர் கார் கம்பெனில இருந்தாரு" என்று சொன்னால் தயவுசெய்து உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நான் தாத்தாவிடம் கேட்கவில்லை. அவர் இருந்தவரை அந்தக் கார் எனக்கு பேட் வைக்கும் இடமாகத்தான் இருந்தது.